விரலிடுக்கில் ஒரு வெடிப்பு

பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சி என் இடது மூக்குக்குள் போய் ஒரு சுற்று சுற்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மலை அடக்கிக்கொண்டேன். அதே குச்சி வலது மூக்குக்கும் போனது. அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு மூடி, என் பெயரை எழுதி ஒட்டினார் எங்கள் வார்டின் தலைமைத் தாதி, சிஸ்டர் பரமேஸ்வரி.

"இனிக் கையைக் காட்டும்."

இரண்டு கைகளையும் நீட்டினேன். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்துக்கொண்டேன். ஈரமாக்கிய இன்னொரு குச்சி என் உள்ளங்கைகளில் மேலும் கீழும் ஓடியது.

"சரி. அடுத்த ஆள்."

எனக்குப் பின்னால் வார்டு ஊழியர்கள் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நகர்ந்தேன். வலது கையில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே, எனக்கு ஒரு வெடிப்பு இருந்தது. விரல்களை நெருக்கி வைத்திருந்தது அதை மறைக்கத்தான்.

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் ஒரு மருத்துவமனையில் பல வருடங்கள் தாதியாக இருந்தவள். டத்தோ கிராமாட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன். கொம்தார் கட்டடத்தின் மேல் கிரேன்கள் நின்றுகொண்டிருந்த காலம். இதுவரை எழுதிய வாரங்களில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த வாரம் அப்படி முடியாது.

ஜாதிக்காய் வாசம்

அந்தப் பஞ்சுக் குச்சிகள் எல்லாம் அஞ்சலை அக்காவுக்காக வந்தவை.

அவரை ஒரு முற்பகலில் கொண்டுவந்தார்கள். தள்ளுகட்டில் வருவதற்கு முன்பே வாசம் வந்தது. வெந்த உடம்புக்கு ஒரு வாசம் உண்டு. எங்கள் மூக்குக்கு அது பழகிப்போன ஒன்று. இது வேறு. இனிப்பும் காரமும் கலந்த ஜாதிக்காய் வாசம். வார்டில் படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பாலிக் புலாவில் ஜாதிக்காய் சர்பத் காய்ச்சும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பழத்தின் சதையைச் சீவிச் சர்க்கரையோடு பெரிய அண்டாவில் கொதிக்க வைப்பார்கள். அன்றைக்கு அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நகர்ந்துவிட்டது. அண்டா சாய்ந்தது. பாகு அவருடைய இடது தோளிலும் கையிலும் மார்பின் ஒரு பக்கத்திலும் கொட்டியது. ஆவி முகத்தில் அடித்தது.

சுடுதண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது. ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே நின்று வேகவைக்கும். கூட வேலை பார்த்தவர்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். பிறகு பட்டறை முதலாளியான தவுக்கேயின் வேனில் ஏற்றி, அந்த மலைப்பாதை வளைவுகளில் ஆடி ஆடிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நான் கத்தரிக்கோலை எடுத்தபோது அவர் வாயைத் திறந்தார். உதடு வீங்கியிருந்தது.

"மிஸி, சட்டைய வெட்டாதீங்க. புதுசு."

"சட்டை ஏற்கெனவே போச்சுக்கா."

"அப்ப வெட்டுங்க."

தாதிகளை மிஸி என்று கூப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அந்த நாளிலிருந்து நான் அவருக்குத் தனியாக ஒரு மிஸி ஆனேன். காயம் சுத்தம் செய்யும்போது வேறு யார் வந்தாலும், "சரோஜா மிஸி எங்க?" என்று கேட்பார். உப்புத் தண்ணீரில் கட்டு ஊறி, பிரித்தெடுக்கும் நேரம் பொல்லாதது. "நான் கத்துனா நீங்களும் கூடக் கத்துங்க மிஸி, தனியா கத்துனா வெக்கமா இருக்குலா" என்பார். ஒரு நாள் உண்மையிலேயே நானும் சின்னதாகக் கத்தினேன். வலியோடு சிரித்தார்.

நாங்கள் ஏன் முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வருகிறோம் என்று கேட்டார்.

"காத்துலயும் கையிலயும் துணியிலயும் கிருமி இருக்குக்கா. நமக்கு ஒண்ணும் பண்ணாது, தோலு இருக்கு. உங்களுக்கு அந்தப் பக்கம் தோலு இல்ல."

"அப்ப இத்தன வருஷமா என் தோலு சும்மா இருக்கலையா?"

"ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கலக்கா."

தன் நல்ல கையைத் திருப்பிப் பார்த்தார். "பாவம். நான் அதுக்குப் பவுடர் மட்டும்தான் போட்டேன்."

உள்தோல், வெளித்தோல்

தாதியர் பள்ளியில் தோலைப் பற்றிப் படித்தது எனக்கு அவ்வளவு மனத்தில் தங்கவில்லை. அஞ்சலை அக்காவின் கட்டிலருகே நின்றபோதுதான் விளங்கியது. தோல் போன இடத்தில் உடம்பால் இரண்டு காரியங்கள் முடியாமல் போகின்றன. உள்ளே இருக்கும் நீரைப் பிடித்துவைக்க முடியாது. வெளியே இருப்பதைத் தடுக்கவும் முடியாது. ஒரு நாளில் எத்தனை புட்டி மருந்து நீர் ஏற்றினாலும் கட்டு நனைந்துகொண்டே இருக்கும்.

நல்ல தோலின் மேல்பரப்பு முழுக்கச் செத்த செல்கள். காய்ந்து, நெருக்கமாக அடுக்கி, தினமும் உதிர்ந்துகொண்டிருக்கும். உதிரும்போது தன்மேல் ஒட்டிய கிருமிகளையும் கொண்டுபோய்விடும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் லேசான புளிப்பாக இருப்பதால் பல கிருமிகளுக்கு அங்கே பிழைப்பில்லை.

உதட்டைத் தாண்டி உள்ளே போனால் வேறு மாதிரித் தோல். ஈரமானது, மெல்லியது. மூக்கு, வாய், தொண்டை, கண்ணிமையின் உட்புறம் எல்லாம் அதுதான். காய்ந்த தோலின் பலம் அதற்குக் கிடையாது. அதற்குப் பதிலாக நாம் அருவருக்கிற சளியையும் எச்சிலையும் வைத்திருக்கிறது. தூசியும் கிருமியும் சளியில் சிக்கும். மூச்சுக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அதை மேலே மேலே தள்ளிவிடும். கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமியைக் கொல்லும் பொருள் கலந்திருக்கிறது.

அஞ்சலை அக்காவின் உதட்டின் உட்புறமும் நாக்கு நுனியும் ஆவியில் கொப்புளித்திருந்தன. ஒரு வாரத்தில் அது இருந்த இடம் தெரியவில்லை. வெளியே கை அப்படியே பச்சைக் காயமாகக் கிடந்தது.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைப்பூசம் நினைவுக்கு வந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன், தண்ணீர்மலை அடிவாரத்தில் முதலுதவிப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கன்னத்தையும் துளைத்து வேல் குத்திய ஒரு காவடிக்காரர் ஆடிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். நல்ல உயரம், காதில் கடுக்கன். ஒரு வாரம் கழித்து அதே ஆள் மருத்துவமனைக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.

"கன்னத்துல என்ன ஆச்சுண்ணே?" என்றேன் பயந்துபோய்.

"கன்னமா? அது அன்னிக்கே ஆறிப்போச்சு. காலப் பாருங்க மிஸி."

வாயைத் திறந்து காட்டினார். உள்ளே தேடினாலும் தழும்பு இல்லை. ஆனால் வெறுங்காலோடு வெயில் ரோட்டில் நடந்ததில் பாதம் கொப்புளித்து, தோல் உரிந்து, அந்த இடம் சீழ் கோத்து வீங்கியிருந்தது. பக்தியை அளக்க எனக்குத் தகுதியில்லை. வேல் பாய்ந்த இடம் ஆறியதும் உரிந்த கால் சீழ் பிடித்ததும் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

என் கை

என் கைக்கு வருகிறேன்.

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கை கழுவுவோம். சோப்பு, கிருமிநாசினி, மறுபடியும் சோப்பு. கையுறைகளைத் தூக்கி எறிகிற காலம் அல்ல அது. கழுவி, காயவைத்து, மாவு தூவி, ஆவியில் வேகவைத்துத் திரும்பப் போடுவோம். பல தடவை வெந்த ரப்பர் எங்கே மெலிந்திருக்கிறது என்று சில சமயம் தெரியாது.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு ஜவ்வரிசி மாதிரிச் சின்னக் கொப்புளங்கள். அவை உடைந்து, தோல் தடித்து, காய்ந்து, கடைசியில் வெடித்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவேன். மறுநாள் பத்துத் தடவை கை கழுவியதும் பழையபடி ஆகிவிடும். எலுமிச்சம்பழம் பிழியும்போது உயிர் போகும்.

கையில் புண்ணோ வெடிப்போ இருப்பவர்கள் உடனே சொல்ல வேண்டும், தீக்காயக்காரர்களைத் தொடக் கூடாது. இது வார்டின் முதல் விதி. புதிதாக வரும் பயிற்சித் தாதிகளுக்கு அதை எடுத்துச் சொன்னவளே நான்தான்.

நான் ஏன் சொல்லவில்லை? அந்த வருடம் தீக்காயச் சிகிச்சையில் மேற்பயிற்சிக்கு எங்கள் மருத்துவமனையிலிருந்து ஒருவரைக் கோலாலம்பூருக்கு அனுப்ப இருந்தார்கள். சிஸ்டர் பரமேஸ்வரி யாருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கிறாரோ அவர்தான் போவார். கடிதம் எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கையில் தோல் வியாதி உள்ளவளை யார் அனுப்புவார்கள்?

என் வீட்டுக்காரர் ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சொல்லிடு சரோ" என்றார்.

"கடிதம் போகட்டும். பெறகு சொல்றேன்."

"இதுக்குள்ள யாருக்காச்சும் ஏதாச்சும் ஆனா?"

"கையுறை போட்டுத்தானே தொடறேன்" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள்

அஞ்சலை அக்கா வந்து மூன்று வாரம் ஆனபின் தோல் ஒட்டும் அறுவை நடந்தது. டாக்டர் யோங், எங்கள் சர்ஜன், அவருடைய வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து மார்பிலும் தோளிலும் கையிலும் பரப்பினார். ஐந்து நாள் அசையாமல் இருந்தால் அடியிலிருந்து ரத்தம் ஏறி அது ஒட்டிக்கொள்ளும்.

"எடுத்த எடத்துலதான் கூட எரியுது மிஸி" என்றார் அக்கா. "குடுத்தவனுக்குத்தான் வலியாட்டம் இருக்கு."

இரண்டாம் நாள் மேல்கட்டு நனைந்துவிட்டது. மேல் அடுக்கை மட்டும் மாற்றச் சொன்னார்கள். நான்தான் மாற்றினேன். முடித்துக் கையுறையைக் கழற்றும்போது பார்த்தேன். வலது கையுறையில், சுண்டு விரல் ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு கிழிசல். உள்ளே என் விரலிடுக்கு ஈரமாக இருந்தது.

அந்தக் கையுறையைச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டுத் துணியிலிருந்து வாடை வந்தது. டாக்டர் யோங் நேரத்துக்கு முன்பே கட்டைப் பிரித்தார். அடியில் மஞ்சளாகச் சீழ். ஒட்டிய தோல் நனைந்த காகிதம்போல் துணியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று அவர் சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணில் பட்டவர் அவருடைய கணவர் கோவிந்தன்.

கோவிந்தன் அண்ணன் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். தினமும் மதியம் பாலிக் புலாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, பார்வை நேரம் முழுக்கக் கட்டிலருகே நின்று மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அவருடைய கட்டைவிரலில் கத்தி வெட்டிய காயம். ஒரு துணியைச் சுற்றியிருந்தார்.

சிஸ்டர் பரமேஸ்வரி அந்தத் துணியைப் பார்த்துவிட்டார். சிஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோபம் வந்தால் அவருடைய தமிழில் அந்த ஊர் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

"இந்தக் கையோடயோ தொட்டனீர்?"

"நெத்தியத்தான் தொட்டேன் சிஸ்டர். வேர்த்திச்சு, தொடச்சி விட்டேன்."

"ரிசல்ட் வருமட்டும் நீர் உள்ளுக்கு வரக் கூடாது."

அவர் அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய காயத்திலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஸ்வாப் எடுத்தார்கள். மறுநாள் காலையில் எங்கள் எல்லாருக்கும் எடுத்தார்கள். நான் விரல்களை நெருக்கிக்கொண்டு நின்ற வரிசை அதுதான்.

ஜன்னலுக்கு வெளியே

அன்று மதியம் பார்வை நேர மணி அடித்தது. மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். அஞ்சலை அக்காவின் கட்டிலருகே நான் மட்டும் நின்று, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவரு வரலையா மிஸி?"

"வந்திருக்காருக்கா. வெளிய நிக்கிறாரு."

கண்ணாடிப் பட்டை ஜன்னலின் இடைவெளியில் கோவிந்தன் அண்ணன் தெரிந்தார். மரத்தடியில் வெயிலும் நிழலுமாக நின்றிருந்தார். எங்கள் பக்கம் பார்த்தபடி, கையில் அந்த மடித்த பேப்பர்.

"ஏன் உள்ள வரல?"

"கையில காயம் இருக்குல்ல. அதனால, ஒருவேள..."

காய்ச்சலில் சிவந்திருந்த அக்காவின் கண்கள் என் மேல் நின்றன.

"அவரு கையாலயா எனக்கு இப்படி ஆச்சு?"

"இன்னும் தெரியாதுக்கா."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வெடிப்பு இருந்த அந்த வலது கையைத்தான் பிடித்தார்.

"அப்படி இருந்தா அவருகிட்டச் சொல்லாதீங்க மிஸி. நான் செத்தாலும் சொல்லிடாதீங்க. அவரு தாங்கமாட்டாரு."

நான் ஈரத்துணியைக் கிண்ணத்தில் வைத்தேன். நேராக சிஸ்டரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை.

"சிஸ்டர், இன்னொரு ஸ்வாப் எடுக்க வேணும்."

"ஆருக்கு?"

"எனக்கு."

வலது கையை மேஜையின் மேல் வைத்து விரல்களை விரித்தேன். விரித்ததும் வெடிப்பு வாய் திறந்து கொஞ்சம் ரத்தம் கசிந்தது. சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா இந்தக் கையோட என்ர வார்டில டிரெஸ்ஸிங் செய்தனீர்."

கையுறை கிழிந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் புதுக் குச்சியைக் கொண்டுவந்து, வெடிப்புக்குள் வைத்துத் தேய்த்தார். எரிந்தது. குழாயில் என் பெயரை இரண்டாம் முறை எழுதி ஒட்டினார்.

"மேலங்கியைக் கழட்டும். இண்டையிலயிருந்து நீர் ஒருத்தரையும் தொடக் கூடாது."

"கோவிந்தன் அண்ணன உள்ள விடலாமா சிஸ்டர்?"

"அந்தாளின்ர கையிலயும் புண் இருக்குத்தானே. ரிசல்ட் வரட்டும்."

அவர் சொன்னது சரி. அதனால் இன்னும் இரண்டு மதியம் அவர் அந்த மரத்தடியிலேயே நின்றார். என்னை மாற்றிவிட்ட பதிவேட்டு அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அந்த மரம் தெரியும்.

ஒரே கிருமி

முடிவு வந்தது. கோவிந்தன் அண்ணனின் கட்டைவிரலில் அந்தக் கிருமி இல்லை. என் மூக்கில் இருந்தது. என் வெடிப்பில் இருந்தது. அக்காவின் காயத்திலும் அதே கிருமி. எந்த மருந்துக்குச் சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்ற பட்டியலும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருந்தது.

டாக்டர் யோங் என்னை உட்காரவைத்துச் சொன்னார். அவர் எப்போதும் மெதுவாகப் பேசுபவர். இந்தக் கிருமி நம்மில் பலருடைய மூக்கின் ஈரத்தில் குடியிருக்கிறது, அங்கே ஒரு தொந்தரவும் செய்யாது என்றார். மூக்கைத் தொட்ட விரலுக்கு வரும். தோல் நன்றாக இருந்தால் கழுவும்போது போய்விடும். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கித் தங்கிப் பெருகும்.

"உன் மூக்கில் இருந்தது உன் குற்றமில்லை. விரலில் இருந்ததும் இல்லை. அது உன்னிடமிருந்துதான் அவளுக்குப் போனது என்று என்னால் சத்தியமும் பண்ண முடியாது. அவள் காயத்திலிருந்துகூட உன் விரலுக்கு வந்திருக்கலாம்" என்றார். "ஆனால் கையுறை கிழிந்ததை நீ பார்த்தாய்."

நல்லவேளையாக, அந்தப் பட்டியலில் வேலை செய்யும் மருந்து ஒன்று இருந்தது. ஊசி போட்ட மூன்றாம் நாள் அக்காவின் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

இனி அக்காவிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று சிஸ்டர் நினைத்தார். தீக்காயத்தில் சீழ் பிடிப்பது நடக்கிறதுதான் என்று சொல்லிவிடலாம். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். ஆனால் கணவர்தான் காரணம் என்ற எண்ணம் அக்காவின் மனத்துக்குள் இருந்தது. அதைப் போட்டவள் நான்.

பார்வை நேரத்தில் போனேன். கோவிந்தன் அண்ணன் உள்ளே வந்திருந்தார், பழைய இடத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று இருவரிடமும் சொன்னேன். வெடிப்பைச் சொன்னேன், மறைத்ததைச் சொன்னேன், கையுறையைச் சொன்னேன், கோலாலம்பூர்க் கடிதத்தையும் சொன்னேன். விசிறி நின்றுவிட்டது.

அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப தொடைய மறுபடியும் சீவணுமா?"

"ஆமாக்கா. இந்தத் தடவ இடது தொட."

"அதுவும் போச்சா" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோவிந்தன் அண்ணன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு நாளு வெளிய நின்னேன் மிஸி. நாந்தான் இவளக் கொல்றேன்னு நெனச்சிக்கிட்டு நின்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அந்த இடத்துக்குப் போதவில்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

"நீங்க போங்க மிஸி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள்

கையில் களிம்பும் அதன்மேல் வெள்ளைப் பருத்தி உறையுமாக நான் பதிவேட்டு அறையில் கோப்புகளை அடுக்கினேன். தோல் டாக்டர் சோப்பையே தொடாதே என்றார். கோலாலம்பூருக்கு வேறொரு தாதியின் பெயர் போனது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு வாரம் கழித்து, காயம் சுத்தமாகிவிட்டது என்று உறுதியான பின், அஞ்சலை அக்காவுக்கு இரண்டாம் அறுவை நடந்தது. நான் வார்டுப் பக்கம் போகவில்லை. யாராவது கோப்பு கேட்டு வந்தால், காய்ச்சல் உண்டா என்று மட்டும் விசாரிப்பேன். இல்லை என்பார்கள். மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாளும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் வார்டு ஊழியை ஒருத்தி வந்தாள். "பாலிக் புலாவ் அக்கா உங்கள வரச் சொல்றாங்க மிஸி. கட்டுப் பிரிக்கப் போறாங்க. நீங்க வந்தாத்தான் பிரிக்கணுமாம்."

போனேன். சிஸ்டர் பரமேஸ்வரி உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக நின்றார். என்னைப் பார்த்து, அங்கேயே நில் என்பதுபோல் தலையை அசைத்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கட்டிலின் நீளம் இருந்தது.

"தொட வேணாம்" என்றார் அக்கா. "பாருங்க, போதும். எனக்குப் பாக்கப் பயமா இருக்கு."

"நான் எதுக்குக்கா?"

"இவங்கல்லாம் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னுதான் சொல்வாங்க. நீங்கதான் கெட்டதயும் சொன்ன ஆளு."

கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் துணியை நனைத்து நனைத்து, ஒவ்வொரு அடுக்காக எடுத்தார். கடைசி அடுக்கை மெல்லத் தூக்கினார். துணி மட்டும் வந்தது. தோல் வரவில்லை. மார்பில் பரப்பிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக, படுத்து, ஒட்டிக்கொண்டு கிடந்தது. தோளும் அப்படியே. சிஸ்டர் விரலால் லேசாக அழுத்தினார். வெளுத்து, மறுபடி சிவந்தது. உயிருள்ள தோல்.

முழங்கைக்குப் பக்கத்தில் மட்டும் காசு அளவில் இரண்டு இடங்கள் ஈரமாகக் கருத்திருந்தன.

"என்ன மிஸி, புடிச்சிருச்சா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முதலில் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தார்.

"மொழங்க கிட்ட ரெண்டு எடத்துல புடிக்கலக்கா. சின்னச் சின்னதா. மத்ததெல்லாம் புடிச்சிருச்சு."

மூடிய கண்களின் ஓரத்தில் கண்ணீர் தேங்கிக் காதுப் பக்கம் வழிந்தது. நல்ல கையால் அதைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு எடம்தானேலா" என்றார், கண்ணைத் திறக்காமலே. கொஞ்சம் கழித்து, "சரி, நீங்க போய்க் கைக்கு மருந்து போடுங்க மிஸி" என்றார்.